வளரும் மூளையும் அபினியும்

(உரைச் சுருக்கம்)

அபினி வலியை ஆற்றும் என்பதை அவையோர் அறிவர். அதனை ஒத்த பொருளை மூளையே உண்டாக்கிக் கொள்கிறது. என்கெஃபலின் எனப்படும் அப்பொருளை, 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் ஆகியோர் பன்றி மூளையில் கண்டறிந்தனர்.

இதற்கான மரபணு, வளரும் மூளையில் நரம்பணுக்களில் மட்டுமின்றி, அவற்றுக்குத் துணைநிற்கும் அணுக்களிலும் செயற்படுகிறது. அணுக்கள் பெருகும் வேகத்தை என்கெஃபலின் மட்டுப்படுத்துவதாகச் சோதனைக்கூட ஆய்வுகள் காட்டுகின்றன. தாய் உட்கொள்ளும் அபினி, நச்சுக்கொடியைக் கடந்து இந்த ஒழுங்கில் குறுக்கிடக்கூடும்.

டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வறிக்கை (2019), அபினி வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோரை 2.26 கோடி என மதிப்பிட்டது. அவர்களுள் கருவுற்றோர் திடீரென நிறுத்துவதும் சிசுவுக்கு இடராகலாம். மாற்று மருந்துச் சிகிச்சையையே உலக சுகாதார நிறுவனம் 2014-ல் பரிந்துரைத்தது. மகப்பேறு மருத்துவமனைகளில் அதற்கு வழிசெய்வது, பிறக்கவிருக்கும் தலைமுறைக்கான முதலீடாகும்.