ஸ்ரீபெரும்புதூர் தோற்கடித்த முதல் மந்திரி

(ஸ்ரீபெரும்புதூர்ப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இந்த ஊரின் பெயரைச் சொன்னவுடன் பக்தர்கள் ராமானுஜர் பிறந்த தலம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள். ஒரகடத்தில் ஷிப்டு வேலை பார்க்கும் வாலிபர்களோ மோட்டார்க் கம்பெனி ஊர் என்கிறார்கள். ஒரு முதல் மந்திரியை, அவர் பதவியிலிருக்கும்போதே ஓட்டுப்போட்டு வீட்டுக்கனுப்பிய ஊர் இது என்பதை மாத்திரம் ஒருவரும் சொல்லக் காணோம். ஆதலால் இன்று அந்தச் சங்கதியைப் பேசுவோம்.

அவர்தான் எம். பக்தவத்சலம். 1897ல் பூவிருந்தவல்லிக்குப் பக்கத்து நசரத்பேட்டையில் பிறந்தவர், முதலியார் வகுப்பு, வக்கீல். 1937ல் சட்டசபைக்குப் போனார். 1942 கிளர்ச்சியில் ஜெயிலுக்கும் போனார். பிறகு பல வருஷம் மந்திரி. 1962ல் இத்தொகுதியில் ஜெயித்து, 1963 அக்டோபர் 2ல், காமராசர் விலகிய ஸ்தானத்தில் முதல் மந்திரியானார். நிர்வாகத்தில் கெட்டிக்காரர் என்பதை எதிரிகளும் மறுத்ததில்லை.

ஆனால் கெட்டிக்காரத்தனம் வேறு, ஜனங்களின் மனதறிவது வேறு. 1964 ஜனவரி 25ல் திருச்சியில் சின்னச்சாமி என்பவர் இந்தியை எதிர்த்துத் தீக்குளித்தார். இதற்குப் பின்பும், அதே வருஷம், மும்மொழித் திட்டம் வேண்டுமென்று சட்டசபையில் சிபாரிசு செய்தவர் இவர். 1965 ஜனவரியில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சர்க்கார் போலீசை அனுப்பியது, துப்பாக்கி வெடித்தது, பிறகு பட்டாளமும் வந்தது. செத்தவர் சுமார் 70 பேர் என்பது சர்க்கார் கணக்கு. அதற்கும் மேல் என்பது ஊரார் பேச்சு. டில்லியில் மந்திரிகளாயிருந்த சி. சுப்பிரமணியமும், நமது செங்கற்பட்டு ஓ. வி. அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். அவர்களுடைய கட்சிக்காரரான நமது முதல் மந்திரியோ அசையவில்லை. அதன்மேல் அரிசிப் பஞ்சம் வேறு. பிள்ளையை அடித்த வீட்டில் உலையும் கொதிக்கவில்லையென்றால் தாய் யாருக்கு ஓட்டுப் போடுவாள்?

இங்கே நாம் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பெரியார் அந்தக் கிளர்ச்சியைக் கண்டித்தார். 1967 தேர்தலில் காங்கிரசுக்கே ஓட்டுக் கேட்டார். காமராசரின் படிப்புத் திட்டத்தால் ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், அது கெட்டுவிடக் கூடாதென்பது அவர் கவலை. அந்தக் கவலை நியாயமே. ஆனாலும் சுடப்பட்ட மாணவர்கள் விஷயத்தில் அன்று நம்மவர்கள் எழுதியதும் பேசியதும் சரியென்று நாம் சொல்லமாட்டோம். தலைவர் சொன்னாலும் யோசித்துப் பார் என்று நமக்குச் சொன்னவரும் அவர்தானே!

1967ல் இத்தொகுதி தி.மு.க.வின் டி. ராசரத்தினத்தைத் தேர்ந்தெடுத்தது. விருதுநகரில் காமராசரையே ஒரு மாணவர் தலைவர் தோற்கடித்தார். மார்ச்சு 6ல் அண்ணாதுரை முதல் மந்திரியானார். 1968 ஜனவரி 23ல், தமிழும் இங்கிலீஷும் போதுமென்று சட்டசபை தீர்மானித்தது. பக்தவத்சலம் 1987 வரை உயிரோடிருந்தார். அவருக்குப் பிறகு இன்றுவரை இந்த ராஜ்யத்தில் காங்கிரஸ் முதல் மந்திரி ஒருவரும் வரவில்லை.