மலைச் சைக்கிளும் பிரேக்கும்

(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சமயமும் தமிழும் பேசப்படும் இம்மேடையிலே சைக்கிள் பிரேக்கைப் பற்றிப் பேச வந்துள்ளோம். பொருள் சிறிது என்று பெரியோர் எண்ணலாகாது. நாட்சம்பளத்தில் மிச்சம் பிடித்தும், தாய் தந்தையரிடம் கொஞ்சம் வாங்கியும் நம் தோட்டத்துப் பையன்கள் மலைச் சைக்கிள் வாங்குகிறார்கள். சிலருக்கு அது விளையாட்டு. லயத்திலிருந்து பஸ் ரோட்டுக்கு வர வேறு வழியில்லாத பலருக்கு அதுவே வாகனம். வாங்கப் போனவுடன் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, “எத்தனை கியர்?” என்பது. அடுத்தது, “முன்னும் பின்னும் ஸ்பிரிங் உண்டா?” என்பது. பிரேக்கைப் பற்றிக் கேட்பவரைக் காண்பது அரிது. சமவெளியிலே இது பெரிய குறையன்று. நுவரெலியாவிலோ இது உயிரோடு விளையாடுவதாகும்.

நம் ஊரின் இருப்பை நினைத்துப் பாருங்கள். நுவரெலியா நகரம் கடல் மட்டத்துக்கு மேலே 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நானுஓயா ரயில் நிலையம் 1,613 மீற்றரில் இருக்கிறது. சில கிலோமீற்றருக்குள் ஏறத்தாழ 250 மீற்றர் இறக்கம். 60 கிலோ எடையுள்ள இளைஞன் 15 கிலோ வண்டியில் இவ்விறக்கத்தில் இறங்கினால், பாடப்புத்தகக் கணக்குப்படி 180,000 யூலுக்கு மேற்பட்ட சக்தி எங்கேனும் போய்ச் சேரவேண்டும். அது முழுவதும் வெப்பமானால் அரை லீற்றர் பச்சைத்தண்ணீர் கொதித்துவிடும். மூவருக்குத் தேநீர் போடலாம்! காற்று அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மெதுவாக இறங்குபவனுக்கு மீதி முழுவதும் பிரேக்கின் தலையிலேதான் விழுகிறது.

கியர் உதவாதா என்று கேட்கலாம். பஸ் சாரதி சிறிய கியரிலே இறங்குகிறார். என்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். சைக்கிளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சக்கரம் தன்பாட்டில் ஓடும். ஆகவே, 21 கியர் இருந்தாலும் அத்தனையும் ஏறுவதற்கே. இறங்குவதற்கு ஒன்றும் இல்லை. என்ஜின் துணையுள்ள வாகனங்களையே நம் இறக்கங்கள் விட்டுவைப்பதில்லை. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்லைப் பாதையில் பஸ்ஸும் வானும் முச்சக்கரவண்டியும் மோதி 7 பேர் மாண்டதை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டார்கள்.

மலைச் சைக்கிள் பிறந்த கதையிலும் பிரேக்தான் முதலிடம் பெறுகிறது. கலிபோர்னியாவிலே மரின் என்னும் பகுதியில் 1976 ஒக்டோபரில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர்ச் சைக்கிள்களில் மலையிறங்கும் பந்தயம் தொடங்கினார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக் அவற்றில் இருந்தது. மூன்றரைக் கிலோமீற்றருக்குள் சுமார் 400 மீற்றர் இறக்கம். கீழே வரும்போது சக்கரத்தின் நடுவிலிருந்த கிறீஸ் உருகிப் புகைந்துவிடும். மறுபடி கிறீஸ் அடைத்தாலன்றி வண்டி உதவாது. அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’, அதாவது மீண்டும் அடைப்பது, என்று பெயர் நிலைத்துவிட்டது.

இனி எதைத் தெரிவது? றிம்மைக் கட்டையால் பிடிக்கும் பிரேக் விலை குறைந்தது, பழுதுபார்க்க எளிது. ஆனால் நம் மழையில் றிம் நனைந்தால் பிடி தளரும். தோட்டத்து ரோட்டுச் சேறு கட்டைக்கும் றிம்முக்கும் இடையே அரத்தைப்போல் அராவும். நீண்ட இறக்கத்தில் றிம் மிகச் சூடேறினால் டியூப் வெடிப்பதும் உண்டு. சக்கரத்தின் நடுவிலுள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கே நம் மலைக்கு ஏற்றது. அதிலும் இருவகை உண்டு. எண்ணெயால் இயங்குவது விரல் நோகாமல் பிடிக்கும். பனிக்காலத்துக் காலையில் விரல் மரத்தவனுக்கு அது வரப்பிரசாதம். ஆயினும் ஒரு கம்பெனி மினரல் எண்ணெய் கேட்கும், இன்னொன்று மோட்டார் வாகனப் பிரேக் எண்ணெய் கேட்கும். மாற்றி ஊற்றினால் உள்ளேயுள்ள றப்பர்கள் கெட்டுவிடும். கேபிளால் இயங்கும் டிஸ்க்கோ சாதாரண சைக்கிள் கடைக் கேபிளோடு உயிர்பெறும். தோட்டத்து இளைஞன் எங்களைக் கேட்டால், ஸ்பிரிங்கைக் குறைத்துக்கொண்டு, நல்ல கேபிள் டிஸ்க்கை வாங்கு என்போம். தட்டு 160 மில்லிமீற்றர் போதும். வண்டி இடங்கொடுத்தால் முன்னால் 180 நல்லது. பழைய வண்டியில் டிஸ்க் பூட்ட நினைப்பவர்கள் சட்டத்திலும் சக்கரத்திலும் அதற்குரிய பிடிப்பு உண்டா என்று பார்த்த பிறகே பணத்தை எடுக்கவேண்டும்.

கட்டையிலும் வித்தியாசம் உண்டு. உலோகத்தூள் கலந்தது ஈரத்திலும் சேற்றிலும் நெடுநாள் நிற்கும். சத்தம் போடும், போடட்டும். மலிவான சில தட்டுகள் அதைத் தாங்கமாட்டா. கடைக்காரரைக் கேட்டே பூட்டுங்கள். தலைக்குத் தேங்காயெண்ணெய் பூசிய கையால் தட்டைத் தொடவே கூடாது. ஒரு துளி போதும், கட்டையின் பிடி போய்விடும். எங்கள் அம்மாமார் எண்ணெய் வைப்பதை நிறுத்தப்போவதில்லை. நாமே கையைக் கழுவிக்கொள்ளவேண்டும்.

இறங்கும்போது பிரேக்கை ஓயாமல் தேய்த்துக்கொண்டே வருவது பலருடைய பழக்கம். அது தட்டை ஆறவிடாது. வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவிலே தளர்த்தவேண்டும். நீண்ட இறக்கமாயின் நடுவிலே நின்று ஆறவிடுங்கள். ஹக்கலைப் பக்கம் இறங்குவோர் சீதையம்மன் கோயிலிலே நின்று கும்பிட்டுப் போனால் அம்மனுக்கும் ஆயிற்று, பிரேக்குக்கும் ஆயிற்று.

கியரைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. முன்பல்சக்கரம் சிறிதாகவும் பின்பல்சக்கரம் பெரிதாகவும் இருந்தால் ஏற்றம் இலகு, எண்ணிக்கை வீண்பெருமை. மூடுபனிக்கு முன்னும் பின்னும் விளக்கு, குளிருக்குக் கையுறை, தலைக்குக் கவசம் ஆகிய மூன்றும் வண்டியின் விலையோடு சேர்ந்த கணக்கு. தலைக்கவசத்தை மட்டும் பழையதாக வாங்கவேண்டாம். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம், வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மறுமுறை தலையைக் காக்குமென்று நம்பமுடியாது.