கோட்டுக்கு வெளியே நிற்கிற நாம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் சேமிப்பு, கடன் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். இன்று கால்பந்து பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க. பிள்ளைகளைப் பந்து விளையாட அனுப்புகிற தாய்மார்கள் இங்கே பல பேர் இருக்கிறீர்கள். அதனால் நான் செய்த தப்பை உங்கள் முன்னால் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி அணியில் கோல் பக்கம் நின்று தடுத்து ஆடுகிறவள். அவளுக்குப் பூட்ஸ் வாங்க நம்ம குழுவில்தான் 1,500 ரூபாய் உள்கடன் எடுத்தேன். குறுவட்டப் போட்டி வெளியூரில். வீட்டுக்காரர் அன்றைக்குத் தறிக்குப் போகவில்லை, கூலி போச்சு. அத்தை முறுக்கு டப்பாவோடு கிளம்பிட்டாங்க. குடும்பமே கோட்டு ஓரத்தில் நின்றோம்.

ஆளுக்கொரு கோல். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரந்தான். எதிரணிப் பிள்ளை பந்தோடு ஓடி வருது. "ஏட்டி, முன்னால போயி பறி!" என்று நான் கத்துகிறேன். அந்தப் பக்கம் நின்ற அவள் அப்பா "போகாத, அங்கயே நில்லு!" என்கிறார். பி.டி. டீச்சர் சொல்லிக் கொடுத்ததோ வேறு. கோலுக்கு நேரே வரவிடாமல் ஓரமாக ஒதுக்கிக் கொண்டு போகணும். பிள்ளை என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பந்தைப் பார்க்கவில்லை. கோல் விழுந்துவிட்டது. அதோடு விட்டேனா? நடுவரையும் போய் நாலு வார்த்தை கேட்டேன். அவருக்கு நம்ம வீட்டுப் பையன் வயசுதான் இருக்கும்.

பஸ்ஸில் வரும்போது மகள் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "அடுத்த மேட்சுக்கு நீங்க யாரும் வராதீங்கம்மா. வந்தா நான் ஆட மாட்டேன்." பதினைந்து நாள் பூட்ஸ் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. நான் தவணை மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன்.

நாம் ஏன் கத்துகிறோம்? பாசம் ஒன்று. ஆசையும் இருக்கு. கடலூர் இந்துமதி கதிரேசன் பந்து ஆடித்தான் இந்திய அணிக்குப் போனார், காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். நம்ம தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசியக் கோப்பை வாங்கியது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. இதெல்லாம் கேட்டால் எந்தத் தாய்க்கும் மனசு ஓடத்தான் செய்யும். ஆனால் அந்த வேலையையும் வாங்கின கடனையும் சேர்த்து ஏழாம் வகுப்புப் பிள்ளை காலில் கட்டினால் அது எப்படி ஓடும்?

அந்தப் பதினைந்து நாளில் எனக்கு நம்ம குழுவின் முதல் கூட்டம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு வாசலில் நம்ம வீட்டு ஆண்கள் நின்றார்கள். "சந்தா அம்பது போதும்னு சொல்லு", "பொருளாளர் வேண்டாம்னு சொல்லு" என்று வெளியே இருந்து குரல் வரும். நாம் தீர்மான நோட்டைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தோம். ஊக்குநர் அக்கா எழுந்து போய், "அண்ணாச்சி, நீங்க டீ குடிச்சிட்டு வாங்க" என்று கதவைச் சாத்தினாங்க. அதுக்குப் பிறகுதான் நமக்கு வாய் திறந்தது. கணக்கில் தப்பு விட்டோம். நாமே திருத்தினோம். இன்று வங்கி மேலாளரிடம் நேருக்கு நேர் பேசுகிறோம்.

அன்று வாசலில் நின்ற குரல், இன்று மைதானத்தில் என் குரலாக நிற்கிறது. அதுதான் எனக்கு உறைத்தது.

இது நம்ம ஊர்க் குறை மட்டுமில்லை. இங்கிலாந்தில் பெற்றோர் கத்துகிற கத்தில் நடுவர்கள் விலகிப் போனார்கள். 2008-இல் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் பிள்ளைகள் ஆட்டத்தில் பெற்றோர் நிற்கத் தனி இடம் ஒதுக்கி, கோடு போட்டு, கயிறு கட்டச் சொன்னது. நமக்குக் கயிறு வேண்டாம், நம்ம வாய்க்கு நாமே கட்டுப்பாடு போட்டால் போதும்.

அதுக்காகப் போகாமல் இருந்துவிடாதீங்க. கால்சட்டை போட்டு ஆடுகிறாளே என்று கோபித்து, ஒருத்தரும் எட்டிப் பார்க்காத பிள்ளைகளும் அந்த அணியில் இருக்காங்க. அவங்களுக்கும் சேர்த்துக் கை தட்டுங்க. ஆட்டம் சொல்லிக் கொடுப்பதை டீச்சரிடம் விடுங்க. நடுவரிடம் வாதாடாதீங்க. வீட்டுக்கு வந்ததும் "ஜெயிச்சியா?" என்று கேட்கும் முன்னால் "சாப்பிடுதியா?" என்று கேளுங்க.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "வாரேன், ஆனா வாய் திறக்க மாட்டேன்" என்றேன். அடுத்த ஆட்டத்தில் வேப்ப மரத்தடியில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு கோலில் தோற்றார்கள். ஆனால் அவள் ஒரு தடவைகூடத் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் சந்தோஷம். ஆட்டம் முடிந்து ஓடி வந்து, அத்தை கொடுத்த முறுக்கை அந்த அணிப் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்தாள்.