எழுதும் கை சோராதிருக்க



"எழுத ஆசை இருக்கிறது, ஆனால் எங்கள் நூலை யார் வெளியிடுவார்கள்?" என்று என்னிடம் வினவும் இளைஞர் பலர். தாமே எழுதித் தாமே அச்சிட முனைவோர்க்குப் பணமுடை ஒரு பகைதான். ஆயினும் அதனினும் பெரிய பகை மனச்சோர்வு என்பதை நான் பட்டறிந்தவன்.

தலைமையாசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டில், எங்கள் ஊர் ஏரியையும் அதன் மதகுகளையும் பற்றி ஒரு சிறு நூல் எழுதினேன். என் கைப்பொருளைக் கொண்டே 500 படிகள் அச்சிட்டேன். நூறு படிகள்கூட விலைபோகவில்லை. எஞ்சிய கட்டுகள் கட்டிலின் அடியில் கிடந்தன. அவற்றைக் காணுந்தோறும் உள்ளம் கசந்தது. இரண்டு ஆண்டுகள் நான் பேனாவைத் தொடவில்லை.

ஒருநாள், மதகு திறந்து வயல்களுக்கு நீர் விடும் முதியவர் ஒருவர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். பேரனைப் படிக்கச் சொல்லி என் நூல் முழுவதையும் கேட்டாராம். "ஐயா, மூன்றாம் மதகுக்கு அந்தப் பெயர் இல்லையே! என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றார். எனக்கு வெட்கம் ஒருபுறம், மகிழ்ச்சி ஒருபுறம். என் எழுத்தைக் கூர்ந்து கேட்ட ஒருவர் உலகில் இருந்தார் அல்லவா?

அன்றிரவு டாக்டர் உ. வே. சாமிநாதையரை நினைத்துக்கொண்டேன். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்துகொண்டே, ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தவர் அவர். அச்சுச் செலவுக்குப் பொருள் போதாமையால், நூலை வாங்க விரும்பும் அன்பர்களிடம் முன்னரே கையொப்பம் பெற்றார். அதன்பின் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் வெளிவந்தன. சிந்தாமணியையும் மீண்டும் ஆராய்ந்து 1907-இல் இரண்டாம் பதிப்பு வெளியிட்டார். ஒரு பணி முடிந்ததும் அடுத்த பணியைத் தொடங்குவதே சோர்வுக்கு மருந்து என்பதை அவர் வாழ்க்கையிலிருந்து உணர்ந்தேன்.

இவ்விரு படிப்பினைகளாலும் நான் கைக்கொண்ட முறைகளை உங்களுக்கும் கூறுகிறேன். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள். ஓராண்டில் முந்நூறு பக்கங்களுக்குமேல் சேர்ந்துவிடும். எழுதியதை ஒரு வாரம் மூடி வைத்துப் பின்னர் வாய்விட்டுப் படியுங்கள். நா இடறும் இடத்தில் வாக்கியத்தைத் திருத்துங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன், பொருளை நன்கறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அவர் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டுவதில்லை. வாங்குவோர் பெயர்களை முன்னரே குறித்துக்கொண்டு, அவ்வளவுக்கே அச்சிடுங்கள். எத்தனை படிகள் விற்றன என்று எண்ணிக்கொண்டிராமல், இன்று ஒரு பக்கம் எழுதினோமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விற்பனை நம் கையில் இல்லை. அந்த ஒரு பக்கம் நம் கையில் இருக்கிறது.

மதகின் பெயரைத் திருத்தி, என் நூலை மீண்டும் அச்சிட்டேன். இம்முறை நூறே படிகள். முதற்படியை அந்த முதியவரிடம் கொடுத்தேன். அவர் அதனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பேரனிடம் நீட்டி, "மூன்றாம் மதகை முதலில் படி" என்றார்.

இன்று காலையும் ஒரு பக்கம் எழுதிய பின்னரே உங்களிடம் பேச வந்தேன். இப்பேச்சைக் கேட்டு முடித்ததும், நீங்களும் உங்கள் முதற்பக்கத்தைத் தொடங்குவீர்களாக.