சுரண்டிய தாரில் நமக்கும் ஒரு பங்கு
(சங்கப் பொதுக்குழுவில் பேசியது)

வரவு செலவு வாசித்த கையோடு ஐந்து நிமிடம் கேட்டேன்; தலைவர் கொடுத்தார். நன்றி.

போன ஐப்பசி மழையில் என் மனைவி ஸ்கூட்டரிலிருந்து விழுந்தது உங்களுக்குத் தெரியும். எதிரே தண்ணீர் லாரி வந்தது, ஓரம் ஒதுங்கினார். தார் முடிகிற இடத்தில் சக்கரம் கீழே இறங்கியது. திரும்ப மேலே ஏற்றப் பார்த்தார், வண்டி சாய்ந்துவிட்டது. மணிக்கட்டில் எலும்பு முறிவு. மறுநாள் ஸ்கேல் கொண்டுபோய் அளந்தேன். மூன்றரை அங்குலம்! சாலை மேல் சாலை போட்டதன் பலன்.

பழைய மேல்பரப்பைச் சுரண்டிவிட்டே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். நம் மெயின் ரோட்டில் இப்போது அந்த மில்லிங் வேலை வரப்போகிறது. சுரண்டியதை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதில் ஒரு பங்கைக் குறுக்குத் தெருக்களின் ஓரத்துக்குக் கேட்போம் என்பதே என் கோரிக்கை.

அது குப்பை இல்லை. நல்ல ஜல்லி, அதைச் சுற்றிப் பழைய தார். வங்கியில் நகைக் கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். பழைய நகையில் டிசைன் போயிருக்கும், தங்கம் போயிருக்காது. வெயிலில் அந்தத் தார் சற்று இளகி, வண்டி ஏற ஏற இறுகும். போன வருடம் நாம் போட்ட கிராவல் மண் முதல் மழையிலேயே வடிகாலுக்குப் போனது. செலவு மட்டும் கணக்கில் நிற்கிறது.

கொட்டிவிட்டுப் போனால் இதுவும் அப்படித்தான். உதிர்ந்த விளிம்பை வெட்டி, புல், சேறு எடுத்து, தார் எமல்ஷன் தடவி, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அடுக்காகப் பரப்பி ரோலரால் அழுத்த வேண்டும். மீட்டருக்கு நான்கு சென்டிமீட்டர் வெளிச்சரிவு தேவை. சாலை மட்டத்தைவிட உயர்ந்தால் தண்ணீர் சாலையிலேயே தேங்கும். வடிகால் வாயை அடைக்கக்கூடாது. மரத்தடியை விட்டுவிட வேண்டும், வேருக்குத் தண்ணீர் இறங்கட்டும். லாரி திரும்பும் முனையில் இது தாங்காது, அங்கே கான்கிரீட்தான்.

சாலை மாநகராட்சியுடையது, நாமாகக் கை வைக்க முடியாது. ஆகவே வார்டு உதவிப் பொறியாளருக்கு மனு எழுதியிருக்கிறேன். கூட்டத்துக்கு வராமல் இதை வாசிக்கிறவர்களும் சங்க அலுவலகத்தில் சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடலாம். வீட்டு எண்ணோடு, உங்கள் வாசலில் பள்ளம் எத்தனை அங்குலம் என்பதையும் எழுதுங்கள். ஸ்கேல் அங்கேயே வைத்திருக்கிறேன்.