வாய்தா நாள் பால்கோவா



எங்கள் வீட்டுக்குப் பால்கோவா வந்தால் நாங்கள் சந்தோஷப்பட மாட்டோம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் அரைமணி தூரம். அப்பா அங்கே போவது ஆண்டாளைச் சேவிக்க அல்ல, கோர்ட்டு வாய்தாவுக்கு. திரும்பும்போது கால் கிலோ வாங்கி வருவார். அம்மா பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே எதிர்வீட்டுத் திண்ணையில் சொல்லிவிடுவார்கள்: "இன்னைக்கு வாய்தா போலருக்கு."

அப்பாவுக்கு லாரி புக்கிங் வேலை. மேற்கே மலை. ராத்திரியில் மரம் இறக்குகிறவர்களோடு அவருக்குத் தொடர்பு என்று ஊரில் பேச்சு. எங்கள் முகத்துக்கு நேரே ஒருவரும் சொன்னதில்லை. நாங்கள் கடைக்குள் நுழைந்ததும் அங்கே நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றுபோகும். அப்படித்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. வழக்கில் அவர் விடுதலையானார். செய்தாரா இல்லையா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். ராத்திரி போலீஸ் கதவைத் தட்டும்போதெல்லாம் என் தம்பி பாயை நனைத்துவிடுவான். அந்தப் பாயைக் காலையில் யார் கண்ணிலும் படாமல் கொல்லைப்புறம் காயப்போடுவது என் வேலை.

பிறகு வக்கீலுக்குப் படிக்கும்போது கரக் சிங் வழக்கைப் படித்தேன். 1941-ல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிக்கப்பட்டு, சாட்சியம் இல்லையென்று விடப்பட்டவர். ஆனாலும் உத்தரப் பிரதேசப் போலீஸ் அவர் பேரில் சரித்திரப் பதிவேடு திறந்தது. ராத்திரியில் வாசலில் வந்து கூப்பிட்டு எழுப்பியது. 1962 டிசம்பர் 18-ல் உச்ச நீதிமன்றம், இரவில் வீடு தேடி வரும் அந்த விதி செல்லாது என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ராஜகோபால அய்யங்கார். நூலகத்தில் அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டதெல்லாம் அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான்.

எங்கள் கதை சின்னக் கதை. மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதற்குமே குற்றவாளி என்ற பேர் சட்டமாக வந்தது. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம். மக்கள் வாயில் ரேகைச் சட்டம். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்கவும் அது இடம் கொடுத்தது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் போலீஸ் சுட்டது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல்தான் ஒழிந்தது. அதுவரை அந்த ஊர்களில் தொட்டிலில் கிடந்த குழந்தைக்கும் குற்றவாளி என்றே பேர்.

2024 மே 7-ல் அமானத்துல்லா கான் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் மேலும் விழும் இந்தப் பேரைத் தொட்டது. டெல்லிப் போலீஸ் அவருடைய பதிவேட்டில் மைனர் பிள்ளைகளின் விவரங்களையும் எழுதியிருந்தது. அப்படி எழுதக்கூடாது என்று டெல்லிப் போலீஸ் பிறகு திருத்திய ஆணையைப் பின்பற்றச் சொன்ன நீதிமன்றம், பிற மாநிலங்களும் தங்கள் நடைமுறையைப் பார்க்க வேண்டும் என்றது. அதைப் படித்த அன்று எனக்குத் தம்பியின் பாய் நினைவுக்கு வந்தது. போலீஸ் ஏட்டிலிருந்து பிள்ளையின் பேரை எடுத்துவிடலாம். திண்ணையில் ஓடும் பேச்சிலிருந்து எப்படி எடுப்பது?

யார் நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்த ஆசிரியரைப் பற்றி இங்கேதான் சொல்ல வேண்டும். நான் ஏழாம் வகுப்பு. ஒரு பையனின் இரண்டு ரூபாய் காணவில்லை. வகுப்பு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. சார் யாருடைய பையையும் சோதிக்கவில்லை. தன் சட்டைப்பையிலிருந்து இரண்டு ரூபாய் எடுத்து அந்தப் பையனிடம் கொடுத்தார். மறுநாள் வகுப்பின் சஞ்சயிகா சேமிப்புப் பணம் போடும் தகர டப்பாவையும் நோட்டையும் என் பெஞ்சில் வைத்தார்.

"இனிமே வாராவாரம் நீதான்யா வசூல் பண்ணணும்," என்றார்.

அன்று சாயங்காலம் அந்த டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாகவே வீட்டுக்கு நடந்தேன்.