தனியே போகாதே, என்னை எழுப்பு

(எமது கல்லூரியின் நூற்றாண்டை முன்னிட்டுக் கனடாக் கிளை நடத்திய ஒன்றுகூடலில், பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"விடுதி நினைவுகள் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கோ அக்கா" என்றுதான் செயலாளர் என்னைக் கேட்டார். "விடுதியைப் பற்றியும் பேசுகிறேன், எனக்கு வந்த வருத்தத்தைப் பற்றியும் பேசுகிறேன்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். நூற்றாண்டு விழாவில் வருத்தக் கதை எதற்கு என்று உங்களில் சிலருக்கும் தோன்றலாம். கடைசிவரை கேளுங்கள். இரண்டும் ஒரே கதைதான்.

முதலில் விடுதி. 1968இல் பதினொரு வயதில் நான் விடுதிக்கு வந்தேன். அந்தக் காலத்தில் மலசலகூடங்கள் முற்றத்தைத் தாண்டி, கிணற்றடிக்கும் அப்பால் இருந்தன. இரவில் வேப்பமரத்தடியால் நடந்து போகவேண்டும். முதல் கிழமை ஒருநாள் நடுச்சாமத்தில் அடக்கிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டு படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டில் அக்கா எழும்பிவிட்டார். என்னைவிட நாலு வகுப்பு மேலே படித்தவர். "உப்பிடி அடக்கிக்கொண்டு கிடக்காதை. தனியப் போகவும் வேண்டாம். என்னை எழுப்பு" என்றார். ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு கூட வந்தார். கதவுக்கு வெளியே நின்று, தான் நிற்பது எனக்குத் தெரியட்டும் என்று ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பிறகு நானும் பெரிய பிள்ளையானபோது சின்னப்பிள்ளைகளுக்கு ரோச் பிடித்தேன். இங்கே இருக்கும் விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் பிடித்திருப்பீர்கள். ஒருவரும் எழுதிவைக்காத சட்டம் அது.

இனி வருத்தம். 2016 ஒக்ரோபரில் ஒருநாள் எனக்குச் சலத்தோடு இரத்தம் போனது. நோவு இல்லை, எரிவு இல்லை. அடுத்த நாள் ஒன்றும் இல்லை. மாதவிலக்கு நின்று பத்து வருடமாகிவிட்டது. முதல்நாள் சாப்பிட்ட பீற்றூட்டாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மூன்று கிழமையில் மறுபடியும் வந்தது. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. பார்லி தண்ணி அவித்துக் குடித்தேன். குடும்ப வைத்தியரிடம் போனபோது, இவரும் பக்கத்தில் இருந்ததால், "சலக்கடுப்பு மாதிரி இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன். கிருமித்தொற்று என்று மாத்திரை தந்தார். இரண்டாம் முறை இரத்தத்தைப் பற்றியும் சொன்னேன். அதே மாத்திரை. மூன்றாம் முறையும் அதே மாத்திரை. நான் பாதியைச் சொன்னேன், அவர் பாதியைக் கேட்டார். அப்படியே ஏழு மாதம் போய்விட்டது.

நோவில்லாத இரத்தம் என்றால் பயப்படத் தேவையில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மை நேர்மாறானது. சலப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் நோவில்லாத இரத்தம்தான். ஒருநாள் வரும், பல நாள் நிற்கும், நின்றுவிட்டது என்று எங்களை ஏமாற்றும். இந்த வருத்தம் ஆண்களுக்குப் பெண்களைவிட மூன்று நாலு மடங்கு அதிகமாக வருகிறது. அதனால் பெண்ணுக்கு இரத்தம் போனால் முதலில் கிருமித்தொற்று என்றோ, கர்ப்பப்பைக் கோளாறு என்றோ நினைத்துவிடுகிறார்கள். பெண்களில் பிந்திக் கண்டுபிடிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். புகைத்தல்தான் மிகப்பெரிய காரணி. ஏறக்குறைய பாதிப்பேருக்கு அதனால்தான் வருகிறது. நான் வாழ்நாளில் புகைத்தவள் அல்ல. எனக்கு ஏன் வந்தது என்பதற்கு விடை இல்லை. அதைத் தேடுவதை நான் விட்டுவிட்டேன்.

2017 மே மாதம், மருமகள் குளியலறையில் ஒரு துளி இரத்தத்தைக் கண்டு என்னை விடாமல் பிடித்துக் கேட்டாள். அதன் பிறகுதான் ஸ்கான், அதன் பிறகுதான் சலப்பைக்குள் மெல்லிய குழாய்க் கமராவை விட்டுப் பார்க்கும் பரிசோதனை. திரையில் நானும் பார்த்தேன். கடலுக்கடியில் பாசி ஆடுவதுபோல ஒன்று மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. வைத்தியர் "புற்றுநோய்" என்று சொன்னது கேட்டது. அதற்குப் பிறகு சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை.

வயிற்றை வெட்டாமல், சலம் போகும் வழியாலேயே கருவியை விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். சலப்பையின் சுவர் பல படைகளால் ஆனது. கட்டி உள்படைகளோடு நிற்கிறதா, தசைப்படைக்குள் இறங்கிவிட்டதா என்பதுதான் முக்கியமான கேள்வி. சுமார் நாலில் மூன்று பேருக்கு, கண்டுபிடிக்கும்போது தசைக்குள் இறங்கியிருக்காது. எனக்கும் இறங்கவில்லை. ஆனால் வேகமாக வளரும் வகை. இந்தப் புற்றுநோய் எடுத்த பிறகும் திரும்பத் திரும்ப முளைக்கக்கூடியது. அதனால் முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கமராப் பரிசோதனை, பிறகு இடைவெளி விட்டு விட்டு. முடிந்தது என்று கையைக் கழுவிவிட முடியாத வருத்தம்.

எனக்குத் தந்த மருந்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். எங்கள் இடது தோளில் குழந்தைப்பருவத்து ஊசித் தழும்பு ஒன்று இருக்கிறதல்லவா? அதே பி.சி.ஜி.தான். கசநோய்க்குத் தடுப்பூசியாகப் போட்ட அதே உயிருள்ள கிருமியைச் சலப்பைக்குள் விடுகிறார்கள். அதைக் கண்டு உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்தெழுந்து புற்றுநோய்க் கலங்களையும் சேர்த்துத் தாக்குகிறது. இதை 1976இல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர், இந்த ஒன்ராறியோவில் கிங்ஸ்ரன் நகரத்தில் குயீன்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த வைத்தியர் அல்வாரோ மொராலெஸ். கிழமைக்கு ஒன்றாக ஆறு கிழமை. அவர் பாவித்த மருந்து ஆறு குப்பிகள் கொண்ட பெட்டியாக வந்ததால்தான் ஆறு என்று அமைந்தது என்று சொல்வார்கள். இன்றும் தொடக்கச் சிகிச்சை ஆறு கிழமைதான்.

வைத்தியம் நல்லபடி நடந்தது. ஆனால் நான் நல்லபடி இருக்கவில்லை. உறவுக்காரருக்கு "அவவுக்குச் சின்ன ஒரு ஒப்பரேசன்" என்று வீட்டில் சொல்லிவைத்தோம். மார்பகப் புற்றுநோய் என்றால் இப்போது ஓரளவுக்கு வெளியே சொல்கிறோம். இது அந்த இடம். அந்த இடத்தைப் பற்றிக் கதைக்க நாங்கள் பழகவில்லை. அங்கே எரிகிறது, அடக்க முடியவில்லை, இரவில் ஏழு தடவை எழும்புகிறேன் என்று யாரிடம் சொல்வது?

ஆஸ்பத்திரித் தாதி ஒரு துண்டுப்பிரசுரம் தந்தார். பிளாடர் கான்சர் கனடா என்ற அமைப்பு. இந்த வருத்தம் வந்த இரண்டு பேர் சேர்ந்து 2009இல் தொடங்கியது. அதே வருத்தத்தைக் கடந்து வந்த ஒருவரை எங்களோடு தொலைபேசியில் சேர்த்துவிடுவார்கள். மூன்று கிழமை அந்தத் தாளைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒருநாள், நிலக்கீழ் அறைக்குப் போய், உடுப்புக் காயவைக்கும் மெஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் மறைந்து நின்று கதைத்தேன். மறுபக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். "என்ன சத்தம் அது?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டு, "நான் முதன்முதல் கதைத்தது கராஜுக்குள், காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு" என்றார். அன்றைக்குத்தான் நான் பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தேன்.

அவர் சொன்னவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். மருந்து ஏற்றுவதற்கு நாலு மணித்தியாலத்துக்கு முன்பிருந்தே குடிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் இரண்டு மணித்தியாலம் அடக்கிவைத்திருக்கலாம். தளர்வான பாவாடை போட்டுக்கொண்டு போங்கள். பிறகு ஆறு மணித்தியாலத்துக்கு, ஒவ்வொரு முறையும் கழிப்பறைக்குள் பிளீச் ஊற்றிக் கால்மணி நேரம் விட்டுத்தான் தண்ணீர் அடிக்கவேண்டும். போத்தலை இப்போதே வாங்கி வையுங்கள். அன்றிரவு காய்ச்சலும் நடுக்கமும் வரலாம். அது கூடினாலோ நிற்காவிட்டாலோ பொறுத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழையுங்கள். கமராப் பரிசோதனைக்கு முந்திய மூன்று நாளும் வீட்டாரோடு சண்டை பிடிப்பீர்கள். முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

"எல்லாம் சுகமாகிவிடும்" என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. மருந்தைப் பற்றி நான் கேட்டால், "அதை உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள், மறக்காமல் எழுதிக்கொண்டு போங்கள்" என்பார். நான் அழுதால் அழவிட்டார்.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். அதே வருடம் நவம்பரில் எங்கள் சங்கத்தின் இராப்போசனம் நடந்தது. எனக்கு அரை மணிக்கு ஒருதரம் எழும்பிப் போகவேண்டியிருந்தது. மூன்றாம் முறை போனபோது கண்ணாடிக்கு முன்னால் எங்கள் விடுதி அக்கா நின்றார், ரோச் பிடித்த அதே அக்கா. நன்றாக மெலிந்திருந்தார். "என்ன தங்கச்சி, அடிக்கடி வாறாய், சலரோகமோ?" என்றார். "ஓம் அக்கா, கொஞ்சம் சுகர்" என்றேன். "எனக்கும் உதுதான்" என்றார். இருவரும் சிரித்துக்கொண்டு சேலையைச் சரிசெய்து கொண்டு வெளியே வந்தோம்.

2019 தொடக்கத்தில் அக்கா காலமானார். செத்தவீட்டில் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவருக்கும் சலப்பைப் புற்றுநோய். பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரத்தில் இருந்தோம். அவருக்குக் கட்டி தசைக்குள் இறங்கிவிட்டது. சலப்பையை முழுதாக எடுத்து, சிறுகுடலில் ஒரு துண்டால் வயிற்றில் வாசல் வைத்து, வெளியே ஒரு பை ஒட்டவேண்டும் என்று வைத்தியர்கள் சொன்னார்களாம். "பையோடு எப்பிடிக் கோயிலுக்குப் போறது, எப்பிடிச் சபைசந்திக்குப் போறது" என்று அக்கா மாட்டேன் என்றுவிட்டாராம். அந்தப் பையோடு வாழும் ஒருவரையும் அவர் கண்டதில்லை. நான் பிறகு கண்டேன். பையோடு நீந்துகிறார்கள், பயணம் போகிறார்கள், பேரப்பிள்ளைகளைத் தூக்குகிறார்கள். குடலாலேயே உள்ளே புதுப்பை செய்துகொண்டவர்களும் இருக்கிறார்கள்.

அக்காவோடு கதைத்திருந்தால் அவர் இன்று இருந்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். அது ஒருவராலும் சொல்ல முடியாதது. ஆனால் அவர் தனியே போயிருக்க மாட்டார். முன்பின் தெரியாத ஒரு அம்மாவுக்குச் சொல்ல முடிந்ததை, எனக்கு ரோச் பிடித்த அக்காவுக்கு என்னால் சொல்ல முடியவில்லை. அது என் மனதில் கிடக்கிறது. இன்று இந்த மேடையில் நான் நிற்பது அதனால்தான்.

இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, சலத்தில் ஒரேயொரு தடவை இரத்தம் கண்டாலும், நோவில்லாவிட்டாலும், வைத்தியரிடம் "இரத்தம்" என்ற சொல்லைச் சொல்லுங்கள். மாத்திரைக்குப் பிறகும் வந்தால், "சலப்பையைப் பார்க்கவேண்டாமா?" என்று கேளுங்கள். ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுவதற்காக 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஆட்கள் நடந்தே நிதி சேர்த்தார்கள். நீங்கள் வெட்கத்தை விட்டுக் கிளினிக் வாசல்வரை நடந்தால் போதும். அங்கே வாங்கில் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு வார்த்தை கதையுங்கள். அதுவும் மருந்துதான்.

இரண்டாவது, எந்தப் பெரிய வருத்தமாக இருந்தாலும், கடந்து வந்தவர்கள் உங்கள் பெயரைச் செயலாளரிடம் கொடுங்கள். நாங்கள் நாலு பேர் ஏற்கனவே கொடுத்திருக்கிறோம். ஒருத்தி பையோடு வாழ்பவள். கொழும்பிலிருந்தும் இலண்டனிலிருந்தும் அழைப்பு வந்திருக்கிறது. யார் அழைத்தார்கள் என்பது வேறு ஒருவருக்கும் தெரியவராது. வைத்தியம் சொல்லமாட்டோம். புத்தியும் சொல்லமாட்டோம். கதவுக்கு வெளியே நிற்போம், அவ்வளவுதான்.

எனக்கு இதுவரை கட்டி திரும்பவில்லை. அடுத்த பரிசோதனைக்கு இன்னும் இரண்டு மாதம். அதற்கு முந்திய மூன்று நாளும் இவரோடு சண்டை பிடிப்பேன், அவருக்கும் தெரியும்.

நூறு வருடமாக எங்கள் கல்லூரி எத்தனையோ பாடங்கள் படிப்பித்தது. பலதை நான் மறந்துவிட்டேன். வேப்பமரத்தடியில் படித்தது மட்டும் மறக்கவில்லை. என் தொலைபேசி இலக்கம் செயலாளரிடம் இருக்கிறது. நடுச்சாமம் என்றாலும் பரவாயில்லை, என்னை எழுப்புங்கள்.